சுவரில் ஒரு ஹிரோஷிகே: வாசகர் கேள்வி–பதில்

ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) மலர்ந்த, ஹொகுசாய், ஹிரோஷிகே போன்ற ஓவியர்கள் வரைந்த உகியோ-ஏ மரஅச்சுப் படங்களின் நகல்களை வீட்டில் மாட்டுவது பற்றி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். அளவிலும் ஃப்ரேம் போடுவதிலும்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன என்பதால் அந்தப் பதில்கள் சற்று நீண்டிருக்கின்றன.

கேள்வி: ஹொகுசாயின் ‘கனகாவா பேரலை’யைச் சோபாவுக்கு மேலே 120 செ.மீ. அகலத்தில் மாட்ட ஆசை. கான்வாஸ் துணியில் அச்சிட்டுத் தருகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் என்றே சொல்வோம். அசல் படத்தின் அளவு ஏறக்குறைய 38 × 26 செ.மீ. தான். இந்தத் தாள் அளவுக்கு ஓபான் என்று பெயர். கையில் ஏந்தியும் மடியில் வைத்தும் பார்ப்பதற்காக அச்சிடப்பட்டவை இவை. கோடு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், நுரையின் நகங்கள் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அளவுக்கும் அந்தத் தூரத்துக்கும் தீர்மானிக்கப்பட்டவை. 120 செ.மீ.க்கு இழுத்தால் நீளம் மூன்று மடங்கைத் தாண்டும். பரப்பு பத்து மடங்காகும். மயிரிழைக் கோடுகள் தடித்துப்போகும். ஒரே நிறம் பூசிய பகுதிகள் வெறிச்சென்று தெரியும். பொக்காஷி எனப்படும், நிறம் மெல்லக் கரையும் பட்டை கறை மாதிரி ஆகிவிடும். கான்வாஸின் நெசவு மிச்சமிருக்கும் நுணுக்கத்தையும் உடைத்துவிடும். மை தாளின் நாருக்குள் இறங்கியிருப்பதுதான் மரஅச்சின் அழகு. துணி அதைக் காட்டாது.

பெரிதாக்கியே ஆக வேண்டுமென்றால் ஒன்றரை மடங்கோடு, அதாவது சுமார் 57 செ.மீ. அகலத்தோடு நிறுத்துங்கள். அதைவிட நல்ல வழி, படத்தை அதன் சொந்த அளவிலேயே வைத்து படத்தைச் சுற்றி வரும் மவுன்ட் அட்டையை அகலமாக விடுவது. 60 × 70 செ.மீ. ஃப்ரேமில் அட்டையின் நடுவே 39.5 × 27 செ.மீ. திறப்பு (ஜன்னல்) வெட்டினால் இருபுறமும் 15 செ.மீ.க்குச் சற்று மேலும், மேலே 15.5, கீழே 17.5 செ.மீ.யும் வெற்று அட்டை நிற்கும். சுவரில் இடத்தை நிரப்பும் வேலையை அட்டை செய்யும். படம் படமாகவே இருக்கும்.

சோபாவுக்கு மேல்தான் மாட்ட வேண்டும் என்றில்லை. ஆள் நெருங்கி நிற்கும் இடங்கள் இந்தப் படங்களுக்கு இன்னும் பொருத்தம்: நடைவழி, வாசிக்கும் நாற்காலியின் பக்கச் சுவர், எழுதும் மேசையின் எதிர்ச்சுவர். ஹிரோஷிகேயின் மழைக்கோடுகளையும் பாலத்தில் குனிந்து ஓடும் ஆட்களையும் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்க முடியாது. அரை மீட்டரில் நின்றால்தான் தெரியும்.

கேள்வி: கையால் அச்சிட்ட மறுபதிப்பு என்று சொல்லி ஒரு படம் தந்தார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். ஒரே நிறமாகத் தெரியும் இடத்தில் வைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூ வடிவ வளையங்களாக நின்றால் அது ஆஃப்செட் அச்சு. ஒழுங்கில்லாமல் தெளித்த மிக நுண்ணிய புள்ளிகள் என்றால் இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல் நிறம் முழுமையாகப் பரவியிருந்து, இடையில் மரத்தின் ரேகை லேசாகத் தெரிந்தால் மரஅச்சு.

அடுத்து தாளைத் திருப்புங்கள். மரஅச்சில் ஈரப்படுத்திய தாளைக் கட்டையின் மேல் வைத்து, மூங்கில் உறை சுற்றிய பாரென் என்ற வட்டத் தட்டால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார்கள். அதனால் நிறம் பின்பக்கம் வரை ஊறியிருக்கும். தேய்த்த தடமும் தெரியும். பின்பக்கம் பளிச்சென்று வெறுமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் கோடுகள் தாளில் அமுங்கியிருப்பதும் தெரியும். பனிக்கும் பறவையின் இறகுக்கும் மை இல்லாமல் அழுத்தம் மட்டும் கொடுக்கும் முறையும் உண்டு. அந்தப் புடைப்பு எந்த இயந்திர நகலிலும் வராது.

டோக்கியோவின் அடாச்சி போன்ற பட்டறைகளில் இன்றும் மலைச்செர்ரிக் கட்டையைப் புதிதாகச் செதுக்கி, கோசோ என்ற மரப்பட்டை நாரில் செய்த தாளில் நிறத்துக்கு ஒரு கட்டையாக அச்சிடுகிறார்கள். இவற்றை வாங்க முடிந்தால், ஐந்து போஸ்டருக்குப் பதில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். நல்ல இங்க்ஜெட் நகலில் குறையொன்றுமில்லை. அதை மரஅச்சு என்று சொல்லி விற்பதுதான் குறை.

கேள்வி: அருங்காட்சியகத் தளங்களிலிருந்து படத்தைத் தரவிறக்கி நானே அச்சிட்டுக்கொள்ளலாமா? என்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாக. ஹொகுசாய் (1760–1849), ஹிரோஷிகே (1797–1858) ஆகியோரின் படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் தன் பொதுவுடைமைப் படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறது. சிகாகோ கலைக் கழகமும் அப்படியே தருகிறது.

முதலில் பிக்சல் கணக்கு. ஓபான் தாளின் நீளம் 39 செ.மீ., அதாவது 15.4 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் நீளவாக்கில் 4,600, குறுக்கே 3,100 பிக்சல் தேவை. கையில் இருப்பது 2,000 பிக்சல் என்றால் கோட்டின் ஓரங்கள் மங்கும். மென்பொருளில் பெரிதாக்கிக் கூர்மையேற்றினால் கோட்டைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். அதற்கு சூபான் என்ற சிறிய தாள் அளவிலேயே, அதாவது 26 × 19 செ.மீ.யில் அச்சிட்டுக்கொள்வது மேல்.

இரண்டாவது, தாளின் நிறம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். அருங்காட்சியகப் புகைப்படத்தில் பழைய தாளின் பழுப்பும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். அதை மங்கல் மஞ்சள் தாளில் அச்சிட்டால் பழுப்பின் மேல் பழுப்பு ஏறி, படம் தேநீரில் நனைத்தது போலாகும். இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புகைப்படத்தின் பழுப்பு அப்படியே இருக்கட்டும் என்றால், வெளிர்ப்பூட்டும் ரசாயனம் சேர்க்காத, இயல்பான வெள்ளைப் பருத்தித் தாளில் அச்சிடுங்கள். கோசோ நார்த் தாளில் அச்சிட வேண்டுமென்றால் கோப்பில் தாளின் நிறத்தை ஏறக்குறைய வெள்ளை வரை ஏற்றி, பழுப்பைத் தருகிற வேலையை அந்தத் தாளிடமே விடுங்கள். இங்க்ஜெட்டுக்கு என்று மேற்பூச்சிட்ட வாஷி என்ற ஜப்பானியத் தாளைத்தான் வாங்க வேண்டும். சாதாரண வாஷியில் மை பரவிக் கோடு ஊறிவிடும். பருத்தித் தாள் 200 முதல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), கோசோ 70 முதல் 110 ஜி.எஸ்.எம். சரியாக இருக்கும். பளபளப்புத் தாள் எந்த நிலையிலும் வேண்டாம்.

மை பிக்மென்ட் மையாக இருக்க வேண்டும். சாய மை சில வருடங்களிலேயே வெளிறத் தொடங்கும். கோப்பு மிகையாகச் சுருக்கப்பட்ட ஜேபெக் என்றால் வானத்தின் பொக்காஷி படிப்படியாக உடைந்து பட்டைகளாகத் தெரியும். டிஃப் கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். முழுப் படத்தை அச்சிடும் முன் வானம், தாள், ஒரு கறுப்புப் பகுதி மூன்றும் வரும்படி 10 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டை மட்டும் அச்சிட்டு, மாட்டப்போகும் அறையின் வெளிச்சத்தில் பாருங்கள். படத்தைச் சுற்றி 3 செ.மீ. வெற்றுத் தாள் விடச் சொல்லுங்கள். ஃப்ரேம் போடும்போது அது கைகொடுக்கும்.

கேள்வி: ஒரே படம், இரண்டு கடைகளில் இரண்டு நிறம். எதை நம்புவது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒரே கட்டையில் வருடக்கணக்கில் அச்சிட்டார்கள். நிறத்தை ஒவ்வொரு முறையும் அச்சுக்காரர்தான் கையால் பூசினார். ஹொகுசாயின் ‘முப்பத்தாறு ஃபூஜிக் காட்சிகள்’ வரிசையின் சிவப்பு ஃபூஜியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அச்சான பிரதிகளில் மலை இளஞ்சிவப்பாக, வானம் சீரற்றதாக இருக்கும். பிறகு வந்தவற்றில்தான் செங்கல் சிவப்பும் அடர்நீலமும்.

நிறம் வெளுப்பது இன்னொரு காரணம். ஓவியர் ஹருநொபுவின் காலத்தில் (1760கள்) நீலத்துக்குப் பயன்பட்ட ஒரு மலர்ச்சாயம் வெளிச்சத்திலும் ஈரத்திலும் மாறி மணல் நிறமாகிவிட்டது. ஊதாவும் அப்படித்தான் போயிற்று. அருங்காட்சியகப் புகைப்படத்திலிருந்து எடுத்த நகல் இன்றைய வெளிறிய நிலையைக் காட்டும். புதிதாகக் கட்டை செதுக்கியவர்கள் அன்றைய நிறத்தை மீட்க முயன்றிருப்பார்கள். ஹொகுசாய் 1830ஐ ஒட்டிப் பயன்படுத்திய பிரஷ்யன் நீலம் அப்படி ஓடிப்போகாதது. பேரலையின் நீலம் இன்றும் நிற்பது அதனால்தான்.

உண்மையில் தவறான நகலைக் காட்டிக்கொடுப்பவை வேறு. பேரலையின் வெளிக்கோடுகள் கருநீலத்தில் இருக்க வேண்டும். கன்னங்கரேலென்று இருந்தால் நிறத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இடது மேல் மூலையில் தலைப்புக் கட்டமும் அதை ஒட்டி ஓவியரின் கையொப்பமும் இருக்க வேண்டும். கட்டத்தை அழித்தோ விளிம்பை வெட்டியோ விற்கும் போஸ்டர்கள் ஏராளம். படம் இடவலமாகத் திரும்பி அச்சாகியிருப்பதும் நடக்கிறது. எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல் இடவலம் மாறியிருந்தால் ஜப்பானிய மொழி அறியாதவருக்குப் பிடிபடாது. ஆனால் பேரலை இடமிருந்து வலமாகப் பாய வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

கேள்வி: ஃப்ரேம் போடும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். கடைக்காரர் தாளை அட்டையில் ஒட்டித் தருகிறேன் என்கிறார்.

போஸ்டர் என்றால் ஒட்டட்டும், பாதகமில்லை. வாஷித் தாளில் அச்சான எதையும் முழுதாக ஒட்ட விடாதீர்கள். ஒட்டினால் தாளின் மென்மை போய்விடும். திரும்ப எடுக்கவும் முடியாது.

கிடைமட்ட ஓபான் படத்துக்கு 40 × 50 செ.மீ. ஃப்ரேம் கச்சிதம். தாள் 26 × 38.5 செ.மீ. என்றால் மவுன்ட் அட்டையில் 27 × 39.5 செ.மீ. ஜன்னல் வெட்டச் சொல்லுங்கள். தாளின் விளிம்பு நான்கு பக்கமும் 5 மி.மீ. விட்டுத் தெரியும். இது முக்கியம்: ஹிரோஷிகேயின் படங்களில் மேல் விளிம்பை ஒட்டி ஓர் அடர்நிறப் பட்டை ஓடும், அட்டை படத்தின் மேல் ஏறினால் முதலில் மறைவது அதுதான். அட்டை பக்கங்களில் 5.25, மேலே 6, கீழே 7 செ.மீ. வரும். ஃப்ரேமின் உள்விளிம்பு அதில் 5 மி.மீ.யை மூடும். கீழே கூடுதலாக விடாவிட்டால் படம் சறுக்கி இறங்கியது போல் கண்ணுக்குப் படும்.

ஜன்னல் அட்டை, பின்னட்டை இரண்டும் அமிலமற்றவையாக இருக்க வேண்டும். பருத்தி அட்டை சிறந்தது. மலிவான மரக்கூழ் அட்டையில் வெட்டிய விளிம்பு பழுப்பேறி, அந்தப் பழுப்பு தாளில் கோடாக இறங்கும். அதை நீக்க வழியில்லை. தடிமன் 1.5 மி.மீ. போதும், 3 மி.மீ. அட்டை அழகான நிழல் தரும்.

தாளை நிறுத்த இரண்டே இரண்டு காகிதக் கீல்கள் வேண்டும். 2 × 4 செ.மீ. அளவில் கோசோ தாளைக் கத்தரிக்காமல், ஈரத் தூரிகையால் கோடிட்டுக் கிழித்தெடுங்கள். கிழிந்த ஓரத்தின் நார்கள் ஒட்டிய இடத்தை முன்பக்கம் காட்டிக்கொடுக்காது. கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு சேர்த்து, சிறு தீயில் விடாமல் கிளறினால் மாவின் வெண்மை மாறிக் கண்ணாடி போலாகும். இறக்கி ஆறவைத்து, சல்லடையில் தேய்த்து, கட்டியான பாலேடு பதத்துக்குத் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். படத்தின் முதுகில், மேல் விளிம்பை ஒட்டி, இரு ஓரங்களிலிருந்தும் 5–6 செ.மீ. உள்ளே கீலின் 5 மி.மீ. மட்டும் பசை தொட்டு ஒட்டுங்கள். மேலே உறிஞ்சுதாளும் எடையும் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கீல் பின்னட்டையில் படியும். அதன் மேல் குறுக்காக இன்னொரு கோசோ துண்டை ஒட்டினால் ஆங்கில ‘T’ வடிவம் வரும். அவ்வளவுதான். பக்கங்களிலும் கீழேயும் எதுவும் ஒட்டக்கூடாது.

பசை தண்ணீராக இருந்தால் ஒட்டிய இடம் முன்பக்கம் குமிழாக வரும். கீல் பெரிதாக இருந்தாலும் அப்படியே. செல்லோ டேப்பும் இருபக்க டேப்பும் ஒருநாளும் தொடவே கூடாதவை. அவற்றின் பசை எண்ணெய் போல் வாஷிக்குள் பரவி மஞ்சள் கறையாகத் தங்கும். பசை காய்ச்சுவதெல்லாம் முடியாது என்பவர்கள், படத்தைச் சுற்றி வெற்று ஓரம் இருந்தால், அமிலமற்ற காகித மூலைகளில் செருகிவைக்கலாம். ஜன்னல் அட்டை அந்த மூலைகளை மறைத்துவிடும். முன்பு 3 செ.மீ. ஓரம் விடச் சொன்னது இதற்கும்தான். அப்போது மட்டும் ஜன்னலை அச்சிட்ட பகுதியைவிட 5 மி.மீ. தள்ளி வெட்டுங்கள்.

கேள்வி: ஃப்ரேம் போட்ட சில மாதங்களில் தாள் அலை அலையாக நெளிந்துவிட்டது. கண்ணாடி மாற்றினால் சரியாகுமா?

நெளிவுக்குக் கண்ணாடி காரணமில்லை. காற்றில் ஈரம் ஏறும்போது தாள் விரிகிறது, காயும்போது சுருங்குகிறது. நான்கு பக்கமும் ஒட்டியிருந்தால் விரிவதற்கு இடமில்லாமல் நடுவில் எழும்பும். பிரித்துப் பார்த்தால் டேப் இருக்கும். கீல் முறைக்கு மாற்றினால் தாள் தானாகப் படிந்துவிடும். கொஞ்சம் நெளிவு மிஞ்சினாலும் கவலை வேண்டாம். அது வாஷியின் இயல்பு.

கண்ணாடி வேறொரு விதத்தில் கெடுக்கும். தாள் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், குளிர்ந்த கண்ணாடியின் உள்பக்கம் படியும் ஈரம் நேரே தாளுக்குப் போகும். பூஞ்சை பிடிக்கும், மை கண்ணாடியில் ஒட்டும். மவுன்ட் அட்டை இல்லாமல் மாட்ட விரும்பினால் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 5 மி.மீ. இடைச்சட்டம் கட்டாயம். ஃப்ரேமின் கீழ்மூலைகளில் பின்னால் சிறு ரப்பர் குமிழ்கள் ஒட்டினால் சுவருக்கும் ஃப்ரேமுக்கும் இடையே காற்று ஓடும். பின்பக்கத்தைக் காகித டேப்பால் மூடிவிட்டால் ராமபாணப் பூச்சி நுழையாது. ஸ்டார்ச் பசை அதற்குப் பிடித்த உணவு.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். 50 செ.மீ. வரை கண்ணாடி போதும். பெரிய ஃப்ரேமுக்கு எடை குறைந்த அக்ரிலிக் நல்லது. உலர்ந்த துணியால் துடைத்தால் கீறும், நிலைமின் ஏறித் தூசியை இழுக்கும், அதனால் ஈரமான மென்துணி மட்டும். எதுவானாலும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் வகை வாங்குங்கள். சொரசொரப்பாக்கிய மங்கல் கண்ணாடி வேண்டாம். அட்டையின் தடிமன் அளவு தள்ளி இருந்தாலே மெல்லிய கோடுகளை அது புகையாக்கிவிடும்.

கேள்வி: எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145–150 செ.மீ.யில் இருக்கட்டும். தரையில் அமர்ந்து புழங்கும் அறை என்றால் 105–115 செ.மீ.க்கு இறக்குங்கள்; ஜப்பானிய வீட்டின் தொகோனோமா மாடத்தில் தொங்கும் ஓவியமும் அமர்ந்திருப்பவர் கண்ணுக்காகத்தான். இருக்கைக்கு மேல் என்றால் அதன் முதுகிலிருந்து 15–20 செ.மீ. இடைவெளி.

ஆணி அடிக்கும் இடத்தை இப்படிக் கணக்கிடலாம்: நடு உயரத்தோடு ஃப்ரேமின் பாதி உயரத்தைக் கூட்டி, கம்பியை இழுத்துப் பிடித்தால் ஃப்ரேமின் மேல்விளிம்புக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைக் கழியுங்கள். 40 செ.மீ. உயர ஃப்ரேம், கம்பி 5 செ.மீ. கீழே என்றால் 147 + 20 − 5 = 162 செ.மீ. ஒரு கொக்கியில் தொங்கும் ஃப்ரேம் கதவு சாத்தும்போதெல்லாம் சாயும். 15–20 செ.மீ. இடைவிட்டு இரண்டு கொக்கிகள் போடுங்கள். அப்போது கம்பி சற்றுக் கீழிறங்கும், அளவை இரண்டு விரலால் இழுத்துப்பிடித்து எடுங்கள்.

கேள்வி: குனியோஷியின் எலும்புக்கூடு படம் மூன்று தாள்களாக வந்திருக்கிறது. மூன்று ஃப்ரேமா, ஒன்றா?

ஒன்று. 1844ஐ ஒட்டி வந்த அந்தப் படத்தின் வலிமையே ராட்சத எலும்புக்கூடு தாள்களின் எல்லையைப் பொருட்படுத்தாமல் பரவுவதில் இருக்கிறது. மூன்று ஃப்ரேமாக்கினால் நடுவே நான்கு மரச்சட்டங்களும் நான்கு அட்டைப் பட்டைகளும் வந்து அதன் கையைத் துண்டிக்கும்.

தாள்களை வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும். முதல் தாள் வலப்பக்கம். ஒவ்வொன்றும் 25.5 × 37.5 செ.மீ. என்றால், நடுவில் 3 மி.மீ. வீதம் இரண்டு இடைவெளி விட்டு மொத்தம் 77 செ.மீ. சொச்சம் வரும். 78 × 38.5 செ.மீ. ஜன்னல், 90 × 50 செ.மீ. ஃப்ரேம், பக்கங்களில் 6, மேலே 5.5, கீழே 6. மூன்று தாள்களும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்கும் என்று நம்பாதீர்கள். விளிம்பை விளிம்போடு ஒட்டவைத்தால் படத்துக்குள் ஓடும் கோடுகள் 1–2 மி.மீ. தப்பும். எலும்புக்கூட்டின் கை, கிழிந்த திரை, தரைக்கோடு போன்ற குறுக்கே ஓடும் ஒன்றைப் பொருத்திவிட்டு, விளிம்பு வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக இரண்டு கீல்கள்.

கேள்வி: இரண்டு கதவுகளுக்கு நடுவே 30 செ.மீ. சுவர் மட்டும் இருக்கிறது.

இதற்கென்றே பிறந்த வடிவம் ஹாஷிரா-ஏ, தூணில் தொங்கவிடும் படம். சுமார் 73 × 12 செ.மீ. ஹருநொபுவும் கொர்யூசாயும் இதில் கைதேர்ந்தவர்கள். கதவிடுக்கில் பார்ப்பது போல் ஆளின் ஒரு துண்டை மட்டும் காட்டி முழு ஆளையும் உணரவைப்பார்கள். மவுன்ட் அட்டையைப் பக்கங்களில் 3–4 செ.மீ.யோடு நிறுத்துங்கள். பறவையும் பூவும் பிடிக்குமானால் ஹிரோஷிகேயின் ஒடுக்கமான தன்சாக்கு வடிவப் படங்கள் 38 × 13 செ.மீ. அளவில் உண்டு, இரண்டை ஒன்றன்கீழ் ஒன்றாக 6 செ.மீ. இடைவிட்டு மாட்டலாம்.

கேள்வி: பகல் முழுக்க வெளிச்சம் வரும் அறை. படம் வெளுத்துவிடுமா?

வெளுக்கும். புறஊதாத் தடுப்புக் கண்ணாடி வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும். அருங்காட்சியகங்கள் அசல் மரஅச்சுகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே வெளிச்சம் தருகின்றன, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். ஜன்னலோரச் சுவரில் பகலில் 1,000 லக்ஸ் சாதாரணம். அங்கே ஒரு மணி நேரம் இருப்பது 50 லக்ஸில் 20 மணி நேரம் இருப்பதற்குச் சமம். கையச்சு மறுபதிப்பானாலும் சிவப்பும் ஊதாவும்தான் முதலில் போகும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டு, ஜன்னல் இருக்கும் அதே சுவரையோ உள்நடையையோ தேர்ந்தெடுங்கள். விளக்கு என்றால் 2,700–3,000 கெல்வின் எல்.இ.டி., நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறத்தேர்ச்சி எண் (CRI) 90க்கு மேல், செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வில். கண்ணாடியில் பிரதிபலிப்பும் விழாது, தாளின் நாரும் தெரியும்.

அதைவிட மேலான தீர்வு படத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. இதை மனதார வற்புறுத்துகிறோம். ஒரே ஃப்ரேம், நான்கு படங்கள். ஹிரோஷிகேயின் ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ (1856–58) அனைத்தும் செங்குத்தான ஒரே அளவு. பருவ வாரியாகவும் அடுக்கப்பட்டவை. வசந்தத்துக்குக் கமேய்தோ பிளம் தோட்டம், கோடைக்கு அதாக்கே பாலத்து மழை, இலையுதிர் காலத்துக்கு மாமா என்ற இடத்தின் மேப்பிள் மரங்கள், குளிருக்கு மெகுரோவின் பனி மூடிய பாலம். ஒவ்வொன்றும் மூன்று மாதம் வெளிச்சத்தில், ஒன்பது மாதம் இருட்டில். ஆயுள் நான்கு மடங்காகும்; கண்ணும் பழகிச் சலிக்காது. இதற்கு ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பின்னட்டையும் ஜன்னல் அட்டையும் செய்துவைத்து, ஃப்ரேமின் பின்பக்கம் ஆணிக்குப் பதில் திருகும் நாக்குகள் போடச் சொல்லுங்கள். ஓய்வில் இருப்பவற்றைப் படுக்கைவாக்கில், நடுவில் மென்தாள் இட்டு, அமிலமற்ற பெட்டியில் வையுங்கள். சுருட்டி வைக்கக்கூடாது.

நான்கையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆசையா? 40 × 50 செ.மீ. ஃப்ரேம்களை நிறுத்தி 6 செ.மீ. இடைவெளியில் மாட்டினால் 178 செ.மீ. அகலம் வரும். ஒரே வரிசைப் படங்களாக இருக்கட்டும். நடிகர் முகமும் கடற்கரையும் அழகியும் கலந்து மாட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வலமிருந்து இடமாகப் பருவங்களை ஓடவிடுங்கள்.

கேள்வி: சுவருக்கும் ஃப்ரேமுக்கும் என்ன நிறம்?

பளிச்சென்ற வெள்ளைச் சுவரும் பால்வெள்ளை அட்டையும் வேண்டாம். பக்கத்தில் வெள்ளை நின்றால் மரஅச்சுத் தாளின் இயல்பான பழுப்பு அழுக்காகத் தெரியும். அட்டை, தாளைவிட ஒரு சாயல் மட்டும் வெளிறியிருக்க வேண்டும். சுவருக்குச் சாம்பல்பச்சை, மண்நிறம், மங்கிய நீலம் நன்றாக நிற்கும். ஃப்ரேம் 12–20 மி.மீ. அகலத்தில் வெறும் மரமாகவோ கறுப்பாகவோ இருந்தால் போதும். படத்திலிருந்து ஒரு நிறத்தைப் பிடித்து அட்டைக்கும் ஃப்ரேமுக்கும் பூசினால் அந்த நிறம் படத்துக்குள் செத்துவிடும். அலைப்படம் மாட்டிய அறையில் அலைபோட்ட மெத்தையுறையும் திரைச்சீலையும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: சுருளாக வந்த படத்தை எப்படி நேராக்குவது?

எதிர்ப்பக்கமாகச் சுருட்டாதீர்கள், நார் முறிந்து குறுக்குக் கோடுகள் விழும். சுத்தமான தாளின் மேல் படம் கீழ்நோக்கி வைத்து, மேலே இன்னொரு தாளும் சமப் பலகையும் அளவான எடையும் வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். இஸ்திரிப் பெட்டி கூடாது. கையச்சுப் படத்தைச் சுருளில் அனுப்ப வேண்டாம், அட்டைகளுக்கு நடுவே தட்டையாக அனுப்புங்கள் என்று வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: கவாசே ஹசுயின் பனிக் காட்சிகளையும் தரவிறக்கி அச்சிடலாமா?

அவர் 1957இல் காலமானார். ஜப்பானில் அவர் படங்களுக்கான உரிமை 2007 முடிவிலேயே தீர்ந்துவிட்டது. ஓவியர் இறந்து 60 வருடம் வரை உரிமை உள்ள நாடுகளில் 2017இல் முடிந்தது. 70 வருடம் என்று வைத்திருக்கும் நாடுகளில் பொதுவாக 2027 இறுதி வரை பொறுக்க வேண்டும். 1945இல் மறைந்த ஒஹாரா கோசொனின் கொக்குகளுக்கும் காகங்களுக்கும் 70 வருடக் கணக்கிலும் தடையில்லை.

கேள்வி: குளியலறையிலும் சமையலறையிலும் மாட்டலாமா?

குளியலறையில் கூடாது, நீராவி ஒவ்வொரு நாளும் தாளை விரித்துச் சுருக்கும். சமையலறையில் அடுப்புச் சுவரை விட்டு எதிர்ப்பக்கம், பின்புறம் நன்றாக அடைத்த ஃப்ரேமில், சாதாரண போஸ்டர் அல்லது நாட்காட்டித் தாளை மாட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் மாற்றிவிடலாம். வாஷியில் அச்சான எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.